வரி பாக்கிக்கு ஏலம் போன நிலம்: பத்திரம் எவ்வளவு காலம் தாங்கும்?

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜான் எஃப். கென்னடி உட்பட நான்கு லட்சம் பேர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அந்த நிலத்தின் தாய்ப்பத்திரத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனால் வழியில் ஒரு வரி பாக்கி குறுக்கிடும். தொகை 92 டாலர் 7 சென்ட்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படைகளை நடத்திய ராபர்ட் ஈ. லீயின் மனைவிக்கு, தகப்பன் வழியில் வந்த சுமார் 1,100 ஏக்கர் தோட்டம் அது. கிளர்ச்சி செய்த பகுதிகளில் நில வரி வசூலிக்க 1862இல் ஒரு சட்டம் வந்தது. உரிமையாளர் நேரில் வந்துதான் கட்ட வேண்டும் என்று வரி ஆணையர்கள் தாங்களாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் எதிரணிப் பகுதியில் இருந்தார். உறவினர் ஒருவர் பணத்தோடு போனார்; வாங்க மறுத்துவிட்டார்கள். 1864 ஜனவரியில் ஏலம் நடந்தது. அரசாங்கமே 26,800 டாலருக்கு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் முதல் குழி தோண்டப்பட்டது.

மூத்த மகன் கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். 1882 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பணத்தை நீட்டியும் வாங்காமல் நடத்திய ஏலம் செல்லாது. அரசாங்கம் மறு ஆண்டு 1,50,000 டாலர் கொடுத்து அதே நிலத்தை முறைப்படி கிரயம் வாங்கியது.

ஏலம் எடுத்தவர் அரசாங்கம். மண்ணுக்கடியில் ஆயிரக்கணக்கான படைவீரர்கள். பதினெட்டு ஆண்டு சுவாதீனம். இவ்வளவு இருந்தும் அந்த ஏலப் பத்திரம் நிற்கவில்லை. அப்படியானால் சாதாரண ஆள் ஒருவர் வரி ஏலத்தில் வாங்கிய நிலம், அவரிடமிருந்து இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போன நிலம், எந்த அளவுக்கு உறுதியானது? இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் இருநூறு ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பதில் அவ்வப்போது மாறியும் வந்திருக்கிறது.

ஏலத்தில் விற்பது எதை?

குழப்பம் ஏல மேடையிலேயே தொடங்கிவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே பொருளை விற்பதில்லை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் முதலில் விற்பது நிலத்தை அல்ல, வரி பாக்கியை வசூலிக்கும் உரிமையை. அந்த உரிமைக்கான சான்றிதழ் வாங்கியவருக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வரை வட்டி கிடைக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் பாக்கி தீராவிட்டால்தான் நிலம் ஏலத்துக்கு வரும். வேறு சில மாநிலங்களில் நிலமே நேரடியாக விற்பனையாகிறது.

இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. டெக்ஸஸிலும் ஜார்ஜியாவிலும் பத்திரம் கைக்கு வந்த பிறகும் பழைய உரிமையாளர் நிலத்தை மீட்டுக்கொள்ள முடியும். டெக்ஸஸில் குடியிருக்கும் வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் இரண்டு ஆண்டு அவகாசம். முதல் ஆண்டுக்குள் மீட்டால் ஏலம் எடுத்தவருக்கு 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். இரண்டாம் ஆண்டென்றால் 50 சதவீதம். அந்தக் காலம் முடியும் முன்பே நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியவர், வேறொருவர் நிலத்தில் கொத்தனாரை இறக்கியவராக ஆகிவிடக்கூடும்.

ஆகவே ‘வரி ஏலத்தில் வந்த நிலம்’ என்று விற்பவர் சொன்னால், எந்த மாநிலம், எந்த ஆண்டு, எந்தச் சட்டம் என்ற மூன்றும் தெரியாமல் மேலே எதையும் கணிக்க முடியாது.

வாங்கியவர் தலையில் வைத்த சுமை

பழைய பதில், ஏலம் எடுத்தவர் மீது கடுமையாகவே இருந்தது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் காலத்து வழக்கு ஒன்றில், ஜார்ஜியாவில் ஒரு துண்டு நிலத்தை விற்றாலே வரி தீர்ந்திருக்கும் என்ற நிலையில் வசூல் அதிகாரி முழு நிலத்தையும் விற்றிருந்தார். 1808இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1819இல் கென்டக்கி நிலம் பற்றிய வழக்கில் மார்ஷல் இன்னும் ஒரு படி போனார். அதிகாரி கையெழுத்திட்ட பத்திரத்தைக் காட்டினால் மட்டும் போதாது. விளம்பரம், அறிவிப்பு, கெடு என ஏலத்துக்கு முன் நடக்க வேண்டிய ஒவ்வொன்றும் முறையாக நடந்தது என்று வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘அறிவிப்பு வரவில்லை’ என்பதை நிலத்துக்காரர் எப்படி நிரூபிப்பார்? நடந்ததற்கான சான்றுகளை வாங்கியவர் எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்பது தர்க்கம்.

நிலத்தை இழப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பக்க விளைவும் இருந்தது. எதிர்காலத்தில் எந்த நூல் அறுந்தாலும் பத்திரம் போய்விடும் என்று தெரிந்தால் நியாயமான விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஏலத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் துணிந்த ஊக வணிகர்கள். விலை சரிந்தது, விலை சரியச் சரிய நீதிமன்றங்களுக்குப் பழைய உரிமையாளர் மீது இரக்கம் கூடியது, தீர்ப்புகள் மேலும் கடுமையாயின. வரி ஏலப் பத்திரங்களில் எதெல்லாம் தவறலாம் என்பதற்கு மட்டுமே 19ஆம் நூற்றாண்டில் தடித்தடியாகச் சட்ட நூல்கள் எழுதப்பட்டன என்பது அன்றைய நிலையைக் காட்டும்.

சட்டமன்றங்களின் எதிர்ப்பதில்

வரி வசூலாக வேண்டும் என்பது மாநிலங்களின் கவலை. ஆகவே அவை இரண்டு ஆயுதங்களைக் கையில் எடுத்தன. ஒன்று, ஏலப் பத்திரமே எல்லாம் ஒழுங்காக நடந்ததற்குச் சான்று என்று சட்டம் இயற்றி, நிரூபிக்கும் பொறுப்பைப் பழைய உரிமையாளர் பக்கம் திருப்பிவிடுவது. மற்றது, குறுகிய காலவரையறை. நியூயார்க் மாநிலம் அடிரான்டாக் மலைக் காடுகள் விஷயத்தில் ஆறு மாதக் கெடு வைத்துப் பழைய ஏலப் பத்திரங்களை இறுதியாக்கியது. 1897இல் உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது.

ஆனால் முதல் ஆயுதத்துக்கு எல்லை இருந்தது. 1893இல் முடிந்த ஆரிகன் மாநில வழக்கு ஒன்று. நிலத்துக்காரியின் குடும்பப் பெயர் ஹாந்தார்ன். பட்டியலிலும் விளம்பரத்திலும் அது ஹாத்தார்ன் என்று அச்சாகிவிட்டது. ஓர் எழுத்துப் பிசகு. அடிப்படையான நடைமுறைகள் விஷயத்தில் ஏலப் பத்திரத்தை மறுக்க முடியாத சான்றாக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பெயர் மாறிப்போனதால் ஏலமும் விழுந்தது. பட்டாவில் இனிஷியல் மாறினால் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை என்று அறிந்தவர்களுக்கு இந்த வழக்கு அந்நியமாகத் தோன்றாது.

யாருக்குச் சொன்னார்கள்?

20ஆம் நூற்றாண்டின் நடுவில் கேள்வியின் முகமே மாறியது. ‘சட்டத்தில் சொன்ன சடங்குகளைச் செய்தார்களா’ என்பது பின்னுக்குப் போய், ‘நிலத்தை இழக்கப்போகிறவருக்கு உண்மையில் சொன்னார்களா’ என்பது முன்னுக்கு வந்தது. செய்தி போய்ச் சேரக்கூடிய வழியில் அறிவிப்பு தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1950இல் வகுத்த பொதுவிதி, மெல்ல வரி ஏலங்களுக்குள்ளும் நுழைந்தது.

1983இல் வந்த மென்னொனைட் தீர்ப்பு அதில் ஒரு திருப்பம். இந்தியானா மாநிலத்தில் ஒரு மத அமைப்பு நிலத்தை அடமானமாகப் பிடித்துக் கடன் கொடுத்திருந்தது. கடன் வாங்கியவர் வரியைக் கட்டவில்லை. 1977இல் நிலம் ஏலம் போயிற்று. நீதிமன்றச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள், பத்திரிகையில் போட்டார்கள், உரிமையாளருக்குத் தபால் அனுப்பினார்கள். அடமானம் பிடித்தவருக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரிந்தது 1979இல், மீட்புக் காலம் முடிந்த பிறகு. அடமானம் பதிவாகியிருக்கிறது, முகவரி தெரியும் என்றால் தபாலில் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். அன்றிலிருந்து, ஏல நிலத்தை வாங்குகிறவர் உரிமையாளருக்கு அறிவிப்பு போனதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பதிவேட்டில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் போனதா என்று பார்க்க வேண்டியதாயிற்று.

2006ஆம் ஆண்டின் ஜோன்ஸ் வழக்கு இன்னும் நுணுக்கமானது. ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 1967இல் வாங்கிய வீடு. முப்பது ஆண்டு கடன் தவணையோடு அடமான நிறுவனமே வரியையும் கட்டிவந்தது. கடன் அடைந்தது; வரி கட்டுவார் இல்லை. உரிமையாளர் அதற்குள் மனைவியைப் பிரிந்து வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தார். மாநில அலுவலகம் பதிவுத் தபால் அனுப்பியது, வாங்குவாரின்றித் திரும்பியது. இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று; அதுவும் திரும்பியது. சுமார் 80,000 டாலர் மதிப்பிட்ட வீடு 21,042 டாலருக்குப் போனது. காலி செய்யச் சொல்லி வாங்கியவர் அனுப்பிய நோட்டீஸ் மகள் கைக்குக் கிடைத்தபோதுதான் தகப்பனுக்கே சேதி தெரிந்தது.

கடிதம் திரும்பி வந்தது தெரிந்தும் சும்மா இருந்தது தவறு. சாதாரணத் தபாலில் இன்னொன்று அனுப்பியிருக்கலாம், கதவில் ஒட்டியிருக்கலாம் என்று 5-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தவறு அலுவலகத்துடையது. ஏலத்தில் வாங்கியவர் எதையும் மறைக்கவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் கைநழுவியது அவர் வாங்கிய வீடு. இந்தப் பார்வையின் வலிமையும் பலவீனமும் இதிலேயே இருக்கின்றன. நியாயம் என்னவோ நிலைநாட்டப்படுகிறது. ஆனால் அலுவலகக் கோப்புக்குள் கிடக்கும் திரும்பிவந்த ஓர் உறையைப் பொறுத்து அடுத்தவர் பத்திரம் ஆடுகிறது. எத்தனை முயற்சி போதும் என்பதற்கு எந்தத் தீர்ப்பும் எண்ணிக்கை தரவில்லை.

மத்திய அரசின் வரி ஏலமும் விலக்கல்ல. மிச்சிகனில் ஒரு நிறுவனத்தின் நிலத்தை 1994இல் வருமான வரித் துறை ஜப்தி செய்து விற்றது. நேரில் தர வேண்டிய அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள் என்று காரணம் காட்டி, ஐந்து ஆண்டு கழித்து நிறுவனம் வாங்கியவர் மீது வழக்குப் போட்டது. தபால் கைக்குக் கிடைத்ததை அது மறுக்கவில்லை. கீழ்நீதிமன்றங்களில் வாங்கியவரே வென்றார். ஆனால் வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்ற ஒரே கேள்விக்காக விவகாரம் 2005இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வென்றாலும் செலவு செலவுதான்.

நிலத்தோடு போவதும் தங்குவதும்

பத்திரம் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அது எதையெல்லாம் அடித்துச் செல்கிறது? வரிக்கான உரிமை மற்ற எல்லாக் கடனுக்கும் முந்தியது. ஆகவே அடமானங்கள் பொதுவாக அழிகின்றன. ஆனால் மத்திய அரசின் வரிப் பற்று அப்படி எளிதில் போவதில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் ஏலம் பற்றி 25 நாள் முன்பாகத் தெரிவிக்காவிட்டால் அந்தப் பற்று நிலத்திலேயே தங்கிவிடும். தெரிவித்தாலும் நிலத்தை மீட்டுக்கொள்ள மத்திய அரசுக்கு 120 நாள் உண்டு. உரிமையாளர் திவால் மனு போட்டிருந்தால் ஏலமே அடிபடலாம். படைப்பணியில் இருந்தவர்களுக்குத் தனி அவகாசம் இருக்கிறது. பாதை உரிமைகள் பல மாநிலங்களில் தப்பித்துக்கொள்கின்றன.

சென்னை மாகாணத்தின் வருவாய் வசூல் சட்டமும் ஆர்லிங்டன் ஏலம் நடந்த அதே 1864இல் பிறந்ததுதான். நில வரி பாக்கிக்காக விற்கும் நிலம் வில்லங்கங்கள் நீங்கியதாகவே போகும் என்று அதுவும் சொல்கிறது. முறைகேடு இருந்தால் முப்பது நாளுக்குள் மனுச் செய்யலாம் என்றும் சொல்கிறது. கடல் கடந்த இரண்டு சட்ட மரபுகளும் ஒரே இழுபறியில் மாட்டிக்கொண்டிருந்தன.

பென்சில்வேனியாவில் இந்த ‘நீங்குதல்’ ஒரு விந்தையான வடிவம் எடுத்தது. அங்கே ஆள் குடியேறாத காட்டு நிலங்களுக்கென்று 1806இல் தனிச் சட்டம் வந்தது. யாரிடம் என்ன உரிமை இருக்கிறது என்பதை உரிமையாளரே கவுன்டி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வரி மனிதர் மீது அல்ல, நிலத்தின் மீது. 1899இல் ஒரு குடும்பம் சென்டர் கவுன்டியில் இப்படிப்பட்ட நிலத்தை விற்றது. மேல்மண்ணை மட்டும் விற்று, கீழே உள்ளதைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அப்படிப் பிரித்ததை அலுவலகத்தில் தெரிவித்ததாகத் தடயம் இல்லை. மேல்மண்ணுக்காரர் வரி கட்டாததால் 1935இல் நிலம் ஏலத்துக்கு வந்தது. பல கை மாறி 1959இல் ஒரு வேட்டைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த நூற்றாண்டில் அந்தப் பகுதியின் ஆழத்துப் பாறையில் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை ஒருவரும் சீந்தாத ‘கீழே உள்ளது’ திடீரென்று சொத்தாயிற்று. 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பிரிவினை பதிவாகாததால் வரி முழு நிலத்துக்கும் விதிக்கப்பட்டது, ஆகவே 1935 ஏலத்தில் போனதும் முழு நிலமே. வழக்கறிஞர்கள் இதை ‘உரிமையைக் கழுவுதல்’ என்கிறார்கள். அன்றைய அறிவிப்பு இன்றைய அளவுகோலுக்குப் போதுமா என்ற வாதமும் எழுந்தது; எண்பது ஆண்டுக்கு முந்தைய ஏலத்தை இன்றைய தராசில் நிறுக்க நீதிமன்றம் விரும்பவில்லை.

இங்கே ஒரு பழைய தடுப்பையும் சொல்ல வேண்டும். வரி கட்டக் கடமைப்பட்டவரே பாக்கி வைத்து, பிறகு ஏலத்தில் தானே எடுத்துத் தன் நிலத்தின் வில்லங்கத்தைக் கழுவிக்கொள்ள முடியாது. அவர் எடுத்தது வரி கட்டியதாக மட்டுமே கருதப்படும். யார் கட்டக் கடமைப்பட்டவர், ஏலத்தில் வந்தவர் யாருக்காக வந்தார் என்பதை நூறு ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பதினான்கு டாலர் தெரு

எல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பிரெசிடியோ டெரஸ் என்ற செல்வந்தர் குடியிருப்பு இருக்கிறது. அதன் தெருவும் நடைபாதையும் தனியார் உடைமை, குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். அதற்கு ஆண்டு வரி 14 டாலர். சங்கத்துக்கு 1980களுக்குப் பிறகு வேலை செய்யாத ஒரு கணக்காளரின் முகவரிக்கே ரசீதுகள் போய்க்கொண்டிருந்தன. அபராதத்தோடு பாக்கி ஆயிரம் டாலரை நெருங்கியது. 2015இல் நடந்த இணையவழி ஏலத்தில் ஒரு தம்பதி 90,100 டாலருக்குத் தெருவையே வாங்கினார்கள்.

மாளிகைவாசிகளுக்கு விஷயம் தெரிந்தது இரண்டு ஆண்டு கழித்து. 2017 நவம்பரில் நகர மேற்பார்வையாளர் மன்றம் 7-க்கு 4 என்ற வாக்கில் ஏலத்தை ரத்து செய்தது. பணக்காரர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு ஒரு நீதியா என்று அப்போது கேட்கப்பட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். சட்டப் பார்வையில் அதைவிட முக்கியமானது, நீதிமன்றத்துக்குப் போகாமல் நிர்வாக வழியிலேயே ஏலம் கலையக்கூடும் என்பது.

மூன்றாவது கை

ஏலம் எடுத்தவருக்காவது எதில் இறங்குகிறோம் என்று தெரியும். விலையிலேயே அபாயத்தைக் கழித்துக்கொண்டிருப்பார். அவரிடமிருந்து சந்தை விலைக்கு வாங்குகிறவரின் நிலைமைதான் மோசம். விற்பவர் பெரும்பாலும் தனக்கு உள்ள உரிமையை மட்டும் விட்டுத்தருவதாக எழுதித் தருவார். உரிமை ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லாததை வாங்கியதாகும்.

நில உரிமையில் குறை வந்தால் ஈடுசெய்யும் உரிமைக் காப்பீடு இங்கே ஓர் அளவுகோலாக நிற்கிறது. 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய இந்தத் தொழில் வரி ஏல நிலத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. உரிமையை உறுதிசெய்யும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிவரச் சொல்வது அல்லது சில ஆண்டுகள் கழியட்டும் என்பது நிறுவனங்களின் வழக்கம். காப்பீடு கிடைக்காத நிலத்துக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம்.

நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் மிச்சிகன் 1999இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. முதலில் தீர்ப்பு, பிறகு ஏலம். தீர்ப்பு வந்தபின் பழைய உரிமையாளருக்கு வழியில்லை. எட்டே ஆண்டில், டெட்ராய்ட் தேவாலயம் ஒன்றின் வழக்கில், அறிவிப்பே கிடைக்காதவரை அந்தக் கதவடைப்பு கட்டுப்படுத்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டெக்ஸஸ் இன்னும் கூர்மையான உதாரணம். ரீவ்ஸ் கவுன்டியில் நூற்றுக்கணக்கானோரின் கனிம உரிமைகளை ஒரே வழக்கில் சேர்த்து, நீதிமன்றக் கதவில் நோட்டீஸ் ஒட்டி, 1999இல் தீர்ப்பு வாங்கி விற்றார்கள். வாரிசுகள் 2015இல் வழக்குக்கு வந்தார்கள். கவுன்டியின் சொந்தப் பத்திரப் பதிவேட்டிலேயே உரிமையாளரின் முகவரி இருந்தது. அதைப் பாராமல் கதவில் ஒட்டியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. சட்டத்தில் இருந்த ஓரிரண்டு ஆண்டுக் காலவரையறை அங்கே அரணாக நிற்கவில்லை.

இன்னும் தீராதவை

2023 மே மாதம் டைலர் எதிர் ஹென்னபின் கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மினியாபொலிஸில் 94 வயது மூதாட்டி ஒருவரின் குடியிருப்பு, 2,300 டாலர் வரி அபராதத்தோடு 15,000 ஆகி, 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மிஞ்சிய 25,000 டாலரையும் கவுன்டியே வைத்துக்கொண்டது. அது சொத்தைப் பறிப்பதாகும் என்றது நீதிமன்றம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பணப் பிரச்சினை, பத்திரத்தைத் தொடவில்லை. வழக்குத் தொடுக்க வேண்டியது கவுன்டி மீது. ஆனால் சான்றிதழ் வாங்கிய தனியாரே மறு ஏலம் இல்லாமல் முழு வீட்டையும் எடுத்துக்கொள்ள விட்ட மாநிலங்களில், மிகுதி என்பது பணமாக எங்கும் இல்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கான கோரிக்கை நிலத்தைத் துரத்துமா, பணத்தோடு நிற்குமா என்பது தெளிவாகவில்லை. மிகுதியை அளப்பது ஏலத்தில் வந்த விலையை வைத்தா, சந்தை மதிப்பை வைத்தா என்பதையும் அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

அறிவிப்பு விஷயத்தில், ஏலத்தை நடத்தும் அரசே அதிகச் சிரமம் எடுத்தால் பின்னால் வருபவர்களின் அபாயம் குறையும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு தென்படவில்லை. பழைய ஏலங்களை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. பென்சில்வேனியா 1935ஐ அப்படியே விட்டுவிட்டது. டெக்ஸஸ் 1999ஐத் தோண்டி எடுத்தது. எத்தனை பழையதானால் ஒரு தவறு மன்னிக்கப்படும் என்பதற்கு நாடு முழுவதற்குமான கோடு கிடையாது.

எல்லாவற்றிலும் சிக்கலானது இறந்தவர் பெயரிலேயே நிற்கும் நிலம். அமெரிக்கத் தென்பகுதியில், குறிப்பாகக் கருப்பினக் குடும்பங்களிடம், உயில் இல்லாமல் பேரன் பேத்திகள் வரை பங்கு பரவிய நிலங்கள் ஏராளம். வரி ரசீது தாத்தா பெயருக்கு வரும். பங்காளிகள் ஐந்து மாநிலங்களில் இருப்பார்கள். இப்படிப்பட்ட வாரிசு நிலங்களுக்காக 2010இல் ஒரு மாதிரிச் சட்டம் வெளியானது; பல மாநிலங்கள் அதை ஏற்றிருக்கின்றன. அது கவனிப்பது பங்காளி ஒருவர் பாகம் கேட்டு வழக்குப் போடுவதால் நடக்கும் விற்பனையை. வரி ஏலம் அதன் எல்லைக்குள் வரவில்லை.